புள்ளி மாறினால் கோலம் மாறும்



2025-ஆம் வருஷத்துப் பொங்கலுக்கு என் நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில் ஒரு சிறிய கிராமம் அவளுடையது. ஊரின் பெயர் வேண்டாம். படித்துவிட்டு யாராவது வண்டி கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்கள்!

போகிக்கு மறுநாள் விடியற்காலை நாங்கள் இருவரும் வாசலில் கோலம் போட உட்கார்ந்தோம். புள்ளி வைப்பது என் வேலை. இழை இழுப்பது அவள் வேலை. பதினைந்து புள்ளியில் ஆரம்பித்து, இடுக்குப் புள்ளியாக வைத்து, எட்டில் நிறுத்த வேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் நான் நேர்ப் புள்ளியாக வைத்துக்கொண்டே போய்விட்டேன். அவள் தாமரை போட நினைத்தாள். வந்ததோ ஒரு விதமான சதுரத் தட்டு!

"புள்ளி தப்பாப் போனால் கையைக் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம், அண்ணி?" என்று சிரித்தாள். பிறகு மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள்:

"அண்ணி, நீங்க நாலு எழுத்துப் படிச்சவங்க. அடுத்த தடவை எங்க பஞ்சாயத்து பெண்களுக்கு இல்லே, பொதுன்னு ஆயிட்டா, நான் நிக்கக் கூடாதா?"

அவள் சாமானியப்பட்டவள் அல்ல. 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்துப் பஞ்சாயத்துத் தலைவியாக ஐந்து வருஷம் இருந்தவள். அந்தப் பதவிக்காலம் அந்த ஜனவரியில்தான் முடிந்திருந்தது.

அன்றைக்கு அவளுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னேன். ஆனால் மனம் அதோடு நிற்கவில்லை. தேர்தல் என்றால் நாம் ஆட்களைப் பற்றித்தான் பேசுகிறோம். இவர் நல்லவர், அவர் பொல்லாதவர், இவருக்கு ஜாதிக்காரர் வோட்டு, அவருக்குப் பணம் என்று. புள்ளியை யார் வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்று கேட்பதில்லை. கோலம் முக்கால்வாசி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. இந்த வாரம் அந்தப் புள்ளிகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போமா?

குடத்துக்குள் ஓலை

தஞ்சைச் சோழர் காலத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்தரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் வருஷத்தது, மற்றது 921. குடவோலைத் தேர்தலின் சட்டதிட்டம் அவற்றில் வெட்டப்பட்டிருக்கிறது.

ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, யார் பெயர் எது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆகையால் வீடு வீடாகப் போய்க் கும்பிட வேண்டியதில்லை. பணம் கொடுக்கலாம் என்றாலும் யாரிடம் கொடுப்பது? குழந்தையின் கையிலா?

ஆனால் ஓலையில் பெயர் ஏறுவதற்குத் தகுதி வேண்டும். வரி கட்டுகிற சொந்த நிலம் கால் வேலிக்கு மேல். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், ஐந்து மா. சொந்த மனையில் வீடு. வேதப் படிப்பு. வயது முதலில் முப்பதிலிருந்து அறுபது என்று வைத்தார்கள். இரண்டே வருஷத்தில் அதை மாற்றி முப்பத்தைந்திலிருந்து எழுபது என்றார்கள். சட்டத்தில் ஓட்டை கண்டு அடைப்பது இன்றைக்கு வந்த வழக்கமல்ல, பாருங்கள்!

எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை பெரியன்னை பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், பெண் கொடுத்த மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் புருஷன், மாப்பிள்ளை, தகப்பன், மகன் ஒருவரும் வரக் கூடாது. ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டிய அத்தனை உறவும் அந்தக் கல்லில் இருக்கிறது. தான் போய்த் தன் மைத்துனனை அனுப்புகிற தந்திரம் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்ததனால்தான் கதவைச் சாத்தினார்கள்.

பெருமைப்படலாம். ஆனால் அந்தக் குடத்துக்குள் யாருடைய ஓலை இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். வயலை உழுதவன் ஓலை இல்லை. நாற்று நட்டவள் ஓலையும் இல்லை. நிலமும் வேதமும் உள்ள ஆண்கள் மட்டுமே போட்டியிட்டார்கள். புள்ளி அப்படி, கோலமும் அப்படி.

பெயர் சொல்லாத பெண்கள்

வெள்ளைக்காரன் ஆட்சியில் சட்டசபைத் தேர்தல் வந்தபோதும் வேலிக் கணக்கு போகவில்லை. வோட்டுப் போடுவதற்கே சொத்து வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். மிராசுதார்கள் நிறைந்த காவேரிப் படுகையில் அதன் பலன் என்னவாயிருக்கும்? வோட்டாளரும் நிலக்காரர், அபேட்சகரும் நிலக்காரர் அல்லது நிலக்காரருக்கு வழக்காடிய வக்கீல். கூலியாள் ஒருவர் நின்றாலும் அவருக்கு வோட்டுப் போடக்கூடிய கூலியாள் யார் இருந்தார்கள்?

சென்னை மாகாணத்தில் 1921-இல் பெண்களுக்கு வோட்டு வந்தது. அதற்கும் சொத்து வேண்டும். 1935 சட்டத்தில் சில மனைவிமார்களுக்குப் புருஷனுடைய சொத்தைக் கணக்கில் வைத்து வோட்டுக் கொடுத்தார்கள். அதாவது வோட்டு நம்முடையது, யோக்கியதை அவருடையது!

சுதந்திரம் வந்து, 21 வயதான எல்லோருக்கும் வோட்டு என்று 1951-52-இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, ஒரு விசித்திரம் நேர்ந்தது. ஜாபிதா எழுத வந்தவர்களிடம் வடக்கே பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். இன்னாருடைய பெண்டாட்டி, இன்னாருடைய தாயார் என்றுதான் சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் ஜாபிதாவில் இடம் கிடையாது என்று தேர்தல் கமிஷன் உறுதியாக நின்றது. சுமார் 28 லட்சம் பெண்களின் வோட்டு அந்தத் தடவை போயே போய்விட்டது.

கொடுமை என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தக் கண்டிப்புத்தான் அடுத்த தேர்தலில் பெண்களைச் சொந்தப் பெயரோடு வெளியே வரச் செய்தது. 'இன்னார் மனைவி' என்பவள் வோட்டுப் போடலாம் என்று விட்டிருந்தால், 'இன்னார் மனைவி' தேர்தலில் நிற்கவும் ஆரம்பித்திருப்பாள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஒரு தொகுதி, இரண்டு நாற்காலி

அந்தக் காலத்து வோட்டுச் சாவடியில் ஒவ்வொரு அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி. சின்னம் ஒட்டிய பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் தீர்ந்தது. முத்திரை குத்துகிற வழக்கம் 1962 தேர்தலில்தான் பரவலாக வந்தது. பாட்டிமார்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு புதுமையும் இருந்தது. சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர். ஒரு நாற்காலி பொது. மற்றது தாழ்த்தப்பட்டவர்களுக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கியது. வோட்டாளருக்கு இரண்டு வோட்டு. இரண்டையும் ஒருவருக்கே போடக் கூடாது. 1952 பார்லிமெண்டுத் தேர்தலில் மாயூரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை, இப்படிப்பட்ட இரட்டைத் தொகுதி. 1957-இல் நாகப்பட்டினம்.

இந்த விதியால் என்ன ஆயிற்று? மிராசுதாரும் பண்ணையாளும் ஒரே தெருவில்கூடக் குடியிருக்காத ஜில்லாவில், கட்சிகள் இரண்டு அபேட்சகர்களையும் ஒரே மேடையில் ஏற்றி வோட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. அவருடைய வோட்டு இவருக்கு வேண்டும். இவருடைய வோட்டு அவருக்கு வேண்டும்.

ஆனால் ஆந்திர தேசத்தில் 1957-இல் ஒரு வேடிக்கை நடந்தது. பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில், பின்னாளில் ராஷ்டிரபதியான வி. வி. கிரி பொது நாற்காலிக்கு நின்றார். மத்திய மந்திரியாக இருந்தவர், பெரிய பெயர். எண்ணிப் பார்த்தபோது முதல் இரண்டு இடமும் பழங்குடியைச் சேர்ந்த இருவருக்கு! முதலாமவருக்கு ஒதுக்கிய நாற்காலி போயிற்று. இரண்டாமவரான சூரி தொரா, 565 வோட்டு வித்தியாசத்தில் கிரியைத் தாண்டிப் பொது நாற்காலியில் உட்கார்ந்தார்.

கிரி விடவில்லை. "ஒதுக்கிய இடத்துக்கு நின்றவர் பொது இடத்தை எப்படி எடுக்கலாம்?" என்று வழக்குப் போட்டார். அது ஸுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1959-இல் தீர்ப்பு வந்தது. பொது என்றால் எல்லோருக்கும் பொது. ஒதுக்கீடு என்பது ஒருவருக்கு ஓர் இடத்தை உறுதி செய்வது; மற்ற இடங்களிலிருந்து அவரை விலக்கி வைப்பதல்ல.

இந்த வாக்கியத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவிழ்ப்போம்.

இரட்டைத் தொகுதிகளை 1961-இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். தனித் தொகுதி தனி, பொதுத் தொகுதி பொது என்று ஆயிற்று. சௌகரியந்தான். ஆனால் இருவரும் ஒரே மேடையில் ஏற வேண்டிய அவசியமும் அதோடு போயிற்று.

திருவாரூரில் ஒரு கோடு

தனித் தொகுதிகளின் எல்லைக் கோடு யார் நிற்கலாம் என்பதை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்குத் திருவாரூரைப் போல் ஓர் உதாரணம் கிடையாது.

மு. கருணாநிதி பிறந்த ஊர் பக்கத்திலுள்ள திருக்குவளை, படித்தது திருவாரூரில். 1957-இல் குளித்தலையில் நின்றார். 1962-இல் தஞ்சாவூரில் ஜெயித்தார். அதற்குப் பின்பு சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று எல்லாம் சென்னையில்தான். சொந்த ஊரில் ஏன் நிற்கவில்லை? ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒரு காரணம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. திருவாரூர் நெடுங்காலம் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி. ஆசைப்பட்டாலும் அவர் அங்கே மனுத்தாக்கல் செய்ய முடியாது.

2008-இல் தொகுதிகளைச் சீரமைத்தார்கள். திருவாரூர் பொதுத் தொகுதி ஆயிற்று. கீழ்வேளூர் என்ற புதிய தனித் தொகுதி ஏற்பட்டது. 2011 தேர்தலில் கருணாநிதி திருவாரூரில் நின்று, தமது பன்னிரண்டாவது சட்டசபை வெற்றியைச் சொந்த ஊரில் பெற்றார். 2006-இல் திருவாரூர்த் தனித் தொகுதியில் வென்றிருந்த உ. மதிவாணன், 2016-இல் கீழ்வேளூரில் வென்றார். வோட்டாளர் மாறவில்லை, வயல் மாறவில்லை, தேர் மாறவில்லை. வரைபடத்தில் ஒரு கோடு மாறியது. சுவரொட்டியில் முகம் மாறியது!

எண்ணுகிற விதியும் லேசுப்பட்டதல்ல. யாருக்கு ஒரு வோட்டு அதிகமோ அவருக்கே முழு நாற்காலி என்பது நம் நாட்டு முறை. பாதிக்கு மேல் வேண்டும் என்பதில்லை. 1967 சட்டசபைத் தேர்தலில் காங்கிரசும் தி.மு.கழகமும் ஏறக்குறைய சமமாக, நூற்றுக்கு 41 அளவில் வோட்டு வாங்கின. காங்கிரஸ் ஒரு இழை கூடவே வாங்கியது. ஆனால் நாற்காலி? தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கு 51! ஒரு கட்சி ஏறக்குறைய எல்லா இடத்திலும் நின்றது. மற்றது 174 இடங்களில் மட்டும் நின்று, மீதியைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டது. எதிர் வோட்டுச் சிதறவில்லை. கூட்டணி, தொகுதிப் பங்கீடு என்று நள்ளிரவு வரை பேச்சுவார்த்தை நடக்கிறதே, அதற்கெல்லாம் மூலம் இந்த எண்ணுகிற விதிதான். உங்கள் தொகுதியில் உங்களுக்குப் பிடித்த கட்சியின் சின்னமே இல்லாமல் போவதற்கும் அதுவே காரணம்.

ஒரு புஸ்தகம் கனத்த வோட்டுச் சீட்டு

நிற்பதற்குக் கட்டுகிற டிபாஸிட் பணமும் ஒரு புள்ளிதான். 1996-இல் சட்டசபைக்கு அது வெறும் 250 ரூபாய். ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையை ஊரறியச் செய்ய ஓர் உபாயம் கண்டார்கள். எல்லோரும் மனுத்தாக்கல் செய்துவிட்டார்கள்! மொத்தம் 1,033 அபேட்சகர்கள். வோட்டுச் சீட்டு ஒரு புஸ்தகமாகிவிட்டது. தேர்தலையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. பலருக்குத் தங்கள் வோட்டுக்கூட விழவில்லை.

அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, டிபாஸிட்டை 5,000 ஆக்கினார்கள். 2009-இல் கொண்டுவந்த திருத்தத்தில் 10,000 ஆயிற்று. தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் பாதி. அங்கீகாரம் பெற்ற கட்சியில் இல்லாதவருக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் ஏற்பட்டது. விளையாட்டாக நிற்கிறவர்கள் குறைந்தார்கள். மெய்யாகவே நிற்க நினைத்த ஏழையும் அவர்களோடு கொஞ்சம் குறைந்திருப்பான். வேலி போட்டால் ஆடும் வராது; அடுத்த வீட்டுக் குழந்தையும் வராது.

டிபாஸிட் சின்னச் செலவு. பெரிய செலவு எங்கே என்று உங்களுக்கே தெரியும். 2016 மே மாதம் தஞ்சாவூர், அரவக்குறிச்சி இரண்டு தொகுதிகளிலும் வோட்டுக்குப் பணம் தாராளமாக விளையாடுகிறது என்று தேர்தல் கமிஷன் தேர்தலை முதலில் ஒத்திவைத்து, பிறகு ரத்தே செய்துவிட்டது. பணத்துக்காகச் சட்டசபைத் தேர்தல் அறிவிப்பே ரத்தானது நாட்டில் அதுவே முதல் தடவை. அந்த வருஷம் நவம்பர் 19-இல் மறுபடி நடந்தது. பெரிய கோயில் இருக்கிற ஊருக்கு இப்படி ஒரு பெருமை வேண்டுமா?

அப்போது சட்டசபை அபேட்சகர் ஒருவர் செலவு செய்யலாம் என்று சட்டம் சொன்ன வரம்பு 28 லட்சம். விதி இருந்தது, மீறுகிறவர்களும் இருந்தார்கள். விதி இல்லாத இடத்தில் மட்டுமல்ல, விதியை யாரும் மதிக்காத இடத்திலும் பணக்காரர்தான் தைரியமாக நிற்பார். கதவிடுக்கில் வருகிற உறையை நாம் கைநீட்டி வாங்குகிறபோது, அடுத்த தேர்தலில் ஒரு யோக்கியர் நிற்காமல் போவதற்கு நாமும் ஒரு புள்ளி வைத்துவிடுகிறோம். கசப்பான சமாசாரம், ஆனாலும் நமக்குள் சொல்லிக்கொள்ளாமல் யாரிடம் சொல்வது?

இனிப்பும் ஒன்று உண்டு. கும்பகோணம் 2021-இல் மாநகராட்சி ஆயிற்று. மேயரை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதா, வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதா என்பது நம் மாகாணத்தில் சீட்டாட்டம் மாதிரி மாறி மாறி வந்திருக்கிறது. 1996, 2001-இல் நேர்; 2006-இல் மறைமுகம்; 2011-இல் நேர்; 2022-இல் மறுபடி மறைமுகம். 2022 மார்ச்சில் கும்பகோணத்தின் முதல் மேயராக வந்தவர் க. சரவணன், ஆட்டோ ஓட்டுகிறவர். 48 வார்டில் அவருடைய காங்கிரஸ் கட்சிக்கு இரண்டே உறுப்பினர்கள். கூட்டணியில் பெரிய கட்சி அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது. நகரம் முழுவதும் பிரசாரம் செய்து நேர் வோட்டில் வரவேண்டும் என்றிருந்தால், ஓர் ஆட்டோக்காரரை நிறுத்த எந்தக் கட்சிக்காவது துணிவு வந்திருக்குமா? ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அதே விதிதான் மேயர் தேர்தலை நம் கையிலிருந்து எடுத்து 48 பேர் கையில் கொடுத்தது என்பதும் நிஜம். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறைகிற போர்வை இது.

தெரு விளக்கு

இனி என் நாத்தனார் கதை.

1993-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, உள்ளாட்சி மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றார்கள். நம் மாகாணத்தில் 2016-இல் அதைச் சரிபாதி ஆக்கினார்கள். அந்த விதியோடு தஞ்சை ஜில்லாக் கிராமங்களில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். பஞ்சாயத்துகளில் பாதி நாற்காலியில் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆனால் அப்படி விதி இல்லாத சட்டசபையில்? 2021-இல் ஜெயித்த 234 பேரில் பெண்கள் 12! அதே ஊர், அதே பெண்கள், அதே வோட்டாளர்கள்தாம். பெண்களுக்கு அரசியலில் ஆசையில்லை, யோக்கியதை இல்லை என்று சொல்கிறவர்களிடம் இந்த இரண்டு கணக்கையும் காட்டுங்கள். சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023-இல் சட்டம் செய்தபோதும், அடுத்து எடுக்கும் ஜனத்தொகைக் கணக்குக்கும் தொகுதிச் சீரமைப்புக்கும் பிறகே அது நடப்புக்கு வரும் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள்.

நாத்தனாரின் புருஷனுக்குத் தலைவராக வேண்டும் என்று பத்து வருஷ ஆசை. வேட்டி வெளுத்து, ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் மொய் எழுதிக் காத்திருந்தார். அந்தப் பஞ்சாயத்து பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவளிடம் வந்து, "நீ கையெழுத்துப் போடு, மற்றதை நான் பார்த்துக்கறேன்" என்றார். சுவரொட்டியில் அவர் படம் பெரிது. அவள் படம் தபால் தலை அளவு. அவள் பெயருக்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில் 'இன்னார் மனைவி' என்று போட்டிருந்தது. 1951-இல் வடக்கத்திப் பெண்கள் ஜாபிதாக்காரரிடம் சொன்ன அதே விலாசம்!

ஜெயித்தாள். ஒரு வருஷம் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்தார். இவள் கையெழுத்துப் போட்டாள். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து செக்கில் கையெழுத்துப் போட்டால்தான் பஞ்சாயத்துப் பணம் வெளியே வரும். அடுப்படிக்குச் செக் புஸ்தகம் வரும்; ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போட்டுவிடுவாள்.

ஒரு நாள் தெரு விளக்கு மாற்றியதாக ஒரு பில் வந்தது. பல்பு நாற்பது. அவளுக்கு என்ன தோன்றிற்றோ, "நாளைக்குப் போடறேன்" என்றாள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலத்தெரு, கீழத்தெரு, ஆற்றங்கரைத் தெரு, குடியானத்தெரு, வாய்க்காலுக்கு அப்பாலுள்ள காலனி எல்லாம் நடந்தாள். பேத்தி விரல் விட்டு எண்ணினாள். புதிதாக எரிந்தது இருபத்திரண்டு. காலனியில் ஒன்றுகூட இல்லை.

"இருபத்திரண்டுக்குப் பில் கொண்டு வாங்க. இல்லே, மீதிப் பதினெட்டையும் காலனியிலே மாட்டிட்டு வாங்க" என்றாள். புருஷன் மூன்று நாள் பேசவில்லை. ரசத்தைக்கூட வாயைத் திறக்காமல் சைகையால் கேட்டாராம். ஐந்தாம் நாள் காலனியில் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு பஞ்சாயத்து ஆபீஸில் அவள்தான் உட்கார்ந்தாள். அவர் வாசல் பெஞ்சியில் பத்திரிகை படித்தார்.

இதை முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ ஊரில் கையெழுத்து மட்டும் பெண்ணுடையதாய் முடிந்திருக்கும். விதி நாற்காலியைத்தான் இழுத்துப் போடும். உட்காருவது நம் வேலை. ஆனால் நாற்காலியே இல்லாத இடத்தில் எப்படி உட்காருவது? அந்த விதி வந்திராவிட்டால் என் நாத்தனார் பல்பு எண்ணப் புறப்பட்டிருக்கவே மாட்டாள். காலனியில் இருட்டு இருட்டாகவே இருந்திருக்கும்.

ஒதுக்கீடு சுழற்சியில் வருவது. இன்று பெண்களுக்கு என்ற ஊர் பின்னொரு தேர்தலில் பொது ஆகும். அப்போது ஊரார் என்ன சொல்வார்கள்? "உங்க டர்ன் முடிஞ்சுது, இனிமே ஆம்பிளைங்க டர்ன்" என்பார்கள். சட்டத்தில் ஆம்பிளை டர்ன் என்று ஒன்று கிடையாது, சகோதரிகளே. சேலைத் தலைப்பில் முடிந்து வைத்ததை இப்போது அவிழ்க்கலாம். பொது என்றால் எல்லோருக்கும் பொது. சூரி தொரா உட்கார்ந்தாரே, அந்த நாற்காலிதான் அது.

அன்று வாசலில் நான் நாத்தனாருக்குச் சொன்ன ஒரு வார்த்தை, "நிற்கலாம்" என்பதுதான்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஈரத் துணியால் அந்தச் சதுரத் தட்டைத் துடைத்தாள். "தள்ளுங்க அண்ணி, இந்தத் தடவை புள்ளியை நான் வைக்கறேன்" என்றாள்.

வைத்தாள். இடுக்குப் புள்ளி, பதினைந்தில் ஆரம்பித்து எட்டு வரைக்கும், ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் இழை இழுத்தேன். தாமரை நன்றாகத்தான் வந்தது.

உங்கள் ஊரில், உங்கள் தெருவில் தேர்தல் வரும்போது, யார் நிற்கிறார் என்று கேட்பதற்கு முன்னால், யார் நிற்கலாம் என்று விதி சொல்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதிலில் உங்கள் பெயரும் இருக்கக் கூடும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.